பச்சைத் தொப்பிக்குக் காத்திருந்தவர்

எங்கள் ஊரில் வெண்டல் கிரைடரை முப்பது வருஷமாக யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவர் ஓட்டும் லாரியைப் பார்ப்பார்கள். பனி விழுந்தால் அது உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவிக்கொண்டு போகிற ஆரஞ்சு லாரி. அது வரத் தாமதமானால் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். கவுண்டி, அதாவது மாவட்ட, சாலைத் துறை ஆபீஸில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான், பெயர் லோரீன். உப்பு அவர் பொறுப்பு, திட்டு என் பொறுப்பு என்று நாங்கள் இருவரும் இருபத்தாறு வருஷம் ஒரே இடத்தில் குப்பை கொட்டியிருக்கிறோம்.

அதற்கு முன்னால் ஒரே வகுப்பில் படித்தோம். அங்கேயும் அவரை யாரும் பார்க்கவில்லை. எங்கள் இண்டியானா மாநிலத்தில் ஒரு பையன் ஆறடி தாண்டிவிட்டால் அவனைக் கூடைப்பந்து ஆட விடாமல் வைத்திருப்பதைப் பெற்றவர்கள் செய்யும் பாவமாகவே நினைப்பார்கள். வெண்டல் ஆறடி மூன்றங்குலம். பள்ளி டீமில் சேர்த்தார்கள், பன்னிரண்டாவது ஆளாக. நான்கு வருஷத்தில் மொத்தம் பதினோரு நிமிஷம் ஆடினார், அதுவும் ஆட்டம் யாருக்கு என்று முடிவாகிப் போன பிறகு. அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. ஆடிவிட்டு வந்தவர்களுக்கு டவல் எடுத்துக் கொடுப்பதில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பிறகு லாரி லைசென்ஸ் எடுத்தார். ரோண்டாவைக் கட்டிக்கொண்டார். தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு வீடு வாங்கினார். கார்வெல் பல்கலைக்கழகத்துக்கு ஆட்டம் உள்ள நாட்களில், ஊரில் எல்லாரையும்போல அதன் நிறமான பச்சையில் சட்டை போட்டுக்கொண்டார். இவ்வளவுதான். அவர் வாழ்க்கை வரலாற்றை ஒரு தபால் அட்டையில் எழுதி, மிச்ச இடத்தில் நலம் விசாரித்துவிடலாம்.

அப்புறம்தான் அவர் மகன் கோல்பி வளர ஆரம்பித்தான். பதினாறு வயதில் ஆறடி ஒன்பதங்குலம், இரண்டு கையாலும் பந்து போடுவான், ஓடினால் சத்தமே வராது. நாட்டின் முதல் முப்பது பள்ளி ஆட்டக்காரர்கள் என்று யாரோ போட்ட பட்டியலில் அவன் பெயர் பத்தொன்பதாவதாக வந்தது. பட்டியல் வந்த திங்கட்கிழமையே ஹப் கஃபேயில் வெண்டலுக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது. முடிவெட்டும் ஆர்லின் அவரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்தான். சர்ச்சில் பாஸ்டர் அவருக்கு மட்டும் இரண்டு தடவை கை கொடுத்தார். எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான். பையன் எந்தக் காலேஜுக்கு ஆடப் போகிறான், கார்வெல்லுக்கா, இல்லையா?

"பாப்போம்," என்பார் வெண்டல், உதட்டோரம் லேசாகச் சிரித்து. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஊர் ஒரு வாரம் பேசும். வெண்டலுக்கு எல்லாம் தெரியும், அழுத்தக்காரன், வாயே திறக்க மாட்டான் என்று ஆளாளுக்கு மெச்சிக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் பள்ளி டீமின் கோச் ஸ்ட்ரிக்லர். ஒரு சனிக்கிழமை ஆர்லின் கடைக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த பதினோரு பேரையும் பார்த்து உறுமினார். "இதோ பாருங்க, பையன்கிட்ட இனிமே ஒருத்தனும் எந்தக் காலேஜ்னு கேக்கக் கூடாது. நேரம் வந்தா அவனே சொல்லுவான். நச்சரிச்சீங்கன்னா ஆட்டம் போயிடும்." பதினோரு பேரும் தலையாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் அவனை வழிமறித்துக் கேட்டாயிற்று. பாதி முடி வெட்டிய நிலையில் நாற்காலியில் இருந்தபடியே தலையாட்டிய வெண்டல் மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"லோரீன், நீ அந்தப் பச்சை மேடையில இருக்கியாமே?"

பச்சை மேடை என்பது இன்டர்நெட்டில் கார்வெல் ரசிகர்கள் கூடிப் பேசும் இடம். பேசுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நான் அதில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், கொஞ்சம் செல்வாக்கும் உண்டு.

"இருக்கேன். அதுக்கென்ன இப்ப?"

"கோல்பியப் பத்தி என்ன எழுதறாங்க?"

"உன் பையனப் பத்தி என்கிட்டயா கேக்கற?"

"வீட்ல அதெல்லாம் பேசறதில்ல," என்றார் வெண்டல்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருந்தாலும் அவர் போனை வாங்கி நானே சேர்த்துவிட்டேன். புனைபெயர் வேண்டுமே என்றேன். யோசித்துவிட்டு 'கடைசி பெஞ்ச்' என்று போடச் சொன்னார்.

அன்றிலிருந்து தன் மகனைப் பற்றிய செய்திகளை வெண்டல் அங்கேதான் தெரிந்துகொண்டார். பையனுக்கு இடது கணுக்காலில் வலி இருக்கிறது என்பதை அங்கே படித்தார். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியோடு பழகுகிறான் என்பதை அங்கே படித்தார். காலேஜில் பாறையும் மண்ணும் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறான் என்பதும் அங்கே வந்ததுதான். அந்த ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கார்வெல் கோச் ஆள் பிடிக்கப் போகும் சின்ன விமானம் எங்கே இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் பின்தொடர்வதற்கே ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர் இருக்கிறார். பையன் கறுஞ்சிவப்பு சாக்ஸ் போட்டு ஒரு ஆட்டம் ஆடினான். கறுஞ்சிவப்பு, அவனைக் கூப்பிடும் இன்னொரு காலேஜான, கிழக்கே இருக்கிற செயின்ட் ஆல்டனின் நிறம். உடனே இருநூற்றுப் பதினாறு பேர் ஒப்பாரி வைத்தார்கள். மறுநாள் வெண்டல் என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னார், "அது ஒண்ணுமில்ல லோரீன். ரோண்டா துணி துவைக்கல."

ஒருநாள் யாரோ கோல்பி தடிமனான குளிர்கோட்டு வாங்கினான், அதனால் வடக்கே போகிறான் என்று எழுதினார்கள். வெண்டல் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தாராம். கோட்டு இருந்ததாம். "எப்படிக் கண்டுபிடிக்கறாங்க பாரு," என்று என்னிடம் வியந்துபோய்ச் சொன்னார். அந்தக் கோட்டு மாட்டிய அலமாரிக்கும் அவர் படுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

ஒரே ஒரு தடவை அவரும் எழுதினார். பையனுக்கு இண்டியானாவை விட்டுப் போக மனசு வராது என்று தனக்குத் தோன்றுவதாக, பணிவாக, இரண்டே வரி. பல் டாக்டர் பாய்ந்துவிட்டார். 'ஏதாவது தெரிஞ்சா பேசு, இல்லன்னா சும்மா கிட. நீ அந்தப் பையன நேர்ல பாத்ததாவது உண்டா?' வெண்டல் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"நேத்துகூட எனக்கு எதிர்லதான் உக்காந்து சாப்பிட்டான்."

"அத எழுதேன். மூக்க உடைக்கலாம்."

"எழுதினா நான் யாருன்னு தெரிஞ்சிடுமே."

அதற்குப் பிறகு அவர் வாசகர் மட்டும்தான்.

அவருக்கு இதில் என்ன ஆசை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் லீவுக் கணக்கு என் கையில்தான் இருந்தது. இரண்டு வருஷமாக ஒருநாள்கூட எடுக்காமல் நாற்பத்தொரு நாள் சேர்த்து வைத்திருந்தார். காய்ச்சலோடு வண்டி ஓட்டியிருக்கிறார். ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று கேட்டேன்.

"கார்வெல் ஒன்றரை மணி நேரம்தான் லோரீன். பாதி நாள் லீவு போட்டாப் போதும், ஒரு ஆட்டம் பாத்துட்டுத் திரும்பிடலாம். அறிவிக்கிற அன்னிக்குக் கார்வெல்லோட பச்சைத் தொப்பிய மட்டும் எடுத்துட்டான்னா இன்னும் நாலு வருஷம் அவன் எனக்கு இருப்பான்."

அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் இரண்டாவது புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு அறிவிப்பு என்று முடிவாயிற்று. முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பள்ளி ஆட்டக்கூடத்தின் நடுவில் ஒரு மேசை, மேசைமேல் மூன்று தொப்பி, பக்கத்தில் அப்பா அம்மா. பையன் எந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அந்தக் காலேஜ். கார்வெல்லுக்குப் பச்சை, செயின்ட் ஆல்டனுக்குக் கறுஞ்சிவப்பு, மேற்குக் கடற்கரையில் கேஸ்கேட் பாயின்ட் என்ற காலேஜுக்குச் சாம்பல் நிறம். சாம்பல் சும்மா மேசையை நிரப்புவதற்கு என்று பச்சை மேடையில் ஏகமனதாக முடிவு செய்திருந்தோம். கார்வெல்லுக்கு எண்பத்தெட்டு சதவீதம், சாம்பலுக்கு இரண்டு. அந்த இரண்டைப் போட்டது நான்தான், கணக்கு நூறு வர வேண்டுமே என்று.

ரோண்டா தங்கையோடு முன்னாலேயே போய்விட்டாள். வெண்டலும் கோல்பியும் பிக்கப் வண்டியில் கிளம்பினார்கள். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். சோளம் ஏற்றிய கூட்ஸ், அறுவடைக் காலத்தில் அதற்கு வாலே கிடையாது. அந்த வண்டிக்குள் நடந்ததைக் கோல்பி பிற்பாடு என்னிடம் சொன்னான். அடுத்த வருஷம் காலேஜ் லீவுக்கு ஊருக்கு வந்து, அப்பாவுக்காக என் ஆபீஸில் காத்திருந்தபோது, என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே சொன்னான்.

கேட் மூடியதும் வெண்டலின் போன் டிங் என்றது.

"என்ன சொல்றாங்க?" என்றான் கோல்பி.

"யாரு?"

"பச்சை மேடைல. சாப்பாட்டு மேசைக்கடியில வச்சுப் படிக்கறியே, எங்களுக்குத் தெரியாதா?"

வெண்டல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "எம்பத்தெட்டு சதவீதம் கார்வெல்லாம்," என்றார்.

"நீ என்ன நினைக்கிற?"

"நான் என்னத்தடா நினைக்கறது. அவங்க ப்ளேனயெல்லாம் பாத்துட்டுச் சொல்றாங்க."

"ரெண்டு வருஷத்துல இந்த ஊர்ல என்னைக் கேக்காதது நீ மட்டும்தாம்ப்பா."

வெண்டல் இதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். "கோச் கேக்கக் கூடாதுன்னார்ல."

"அது ஊர்க்காரங்களுக்குச் சொன்னது."

"நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"நீ ஊர்க்காரனாப்பா?"

கூட்ஸ் போய்க்கொண்டே இருந்ததாம். கோல்பிக்கு ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ இன்னிக்குக் கேப்ப, இன்னிக்குக் கேப்பன்னு உக்காந்திருப்பேன். நீ உருளைக்கிழங்க எடுன்னுவ. கடைசில, இதெல்லாம் உனக்குப் பெரிசா படல போலன்னு விட்டுட்டேன்."

"பெரிசா படலயா," என்றார் வெண்டல். அப்புறம் இருமினார். அப்புறம், "சரி. எங்கடா போற?" என்றார்.

"கேஸ்கேட் பாயின்ட்."

அது இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய இடம். பையனுக்கு லீவுக் கணக்கு தெரியாது, எனக்குத் தெரியும். அந்த நாற்பத்தொரு நாளும் அப்போது அந்த வண்டிக்குள் என்ன ஆயின என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாராம்.

"பாக்கப் போயிருந்தப்ப அங்க ஒரு கடையில சான்ட்விச் வாங்கினேன். குடுத்தவன் என் மூஞ்சியக்கூடப் பாக்கல, அடுத்த ஆள் வாங்கன்னுட்டான். எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சுப்பா. அங்க யாரும் என் சாக்ஸப் பாக்க மாட்டாங்க."

சாக்ஸைப் பார்த்தவர்களில் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நானும் பார்த்தவள்தான், இருநூற்றுப் பதினாறில் ஒருத்தி.

கடைசிப் பெட்டி போய்க் கேட் தூக்கும்போது வெண்டல், "அங்க வருஷம் பூரா மழையாமே," என்றார்.

"ஆமாப்பா."

"அந்தக் கோட்டு சரிப்படாது. நல்ல ரெயின்கோட்டா ஒண்ணு வாங்கணும்."

"நான் தொப்பிய எடுக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதப்பா."

"நான் எதுக்குடா சொல்றேன்," என்று வண்டியை எடுத்தாராம்.

எங்கள் ஊரில் இரண்டாயிரத்து நூறு பேர், ஆட்டக்கூடத்தில் மூவாயிரம் சீட். அன்றைக்கு அதுவும் போதவில்லை. வாசலிலேயே வெண்டலை வளைத்துக்கொண்டார்கள். ஆர்லின் முதுகில் தட்டினான். "இப்பவாவது வாயத் திறயேன்யா. இன்னும் பத்து நிமிஷத்துல தெரியத்தானே போவுது." நானும் இடித்துக்கொண்டு முன்னால் போனேன். கையில் போன், போனில் பச்சை மேடை. சொன்னால் சொன்ன மாத்திரத்தில் எழுதிவிடலாம் என்றுதான் போனேன், மறைப்பானேன்.

"வெண்டல், எனக்கு மட்டும் சொல்லு."

இரண்டு வருஷமாக வந்த 'பாப்போம்' வரவில்லை. உதட்டோரச் சிரிப்பும் வரவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது லோரீன்."

தெரியாதபோதெல்லாம் தெரிந்த மாதிரி நின்ற மனுஷன் இப்போது தெரியாது என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் பொறி தட்டிவிட்டது. அதற்குள் அவர் போட்டிருந்த வேலை ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார், உள்ளே பச்சைச் சட்டை. அந்தக் கூட்டத்தில் புழுங்கித் தள்ளியது. ஜிப்பைப் பார்த்ததும் எந்தத் தொப்பி இல்லை என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. மூவாயிரம் பேரில் எனக்கு மட்டும் தெரியும், போன் என் கையில் இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் நான் எதையும் முதல் ஆளாக எழுதியதில்லை. விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்குக் கோல்பி சாம்பல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். கூடம் மொத்தமும் காற்றுப் போன மாதிரி ஒரு சத்தம் போட்டது. பல் டாக்டர் முதல் வரிசையில் பச்சைக் கொடியோடு உட்கார்ந்திருந்தார், அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கை தட்டியது மேசையில் இருந்த இரண்டு பேர்தான். ரோண்டா அழுதுகொண்டே தட்டினாள். வெண்டல் வேர்வை வழிய வழிய, நிறுத்தாமல், பையன் போதும்பா என்று கையைப் பிடிக்கிறவரை தட்டினார்.

எனக்குப் பின்னால் ஆர்லின் சொன்னான், "பாவம்யா. பெத்த அப்பன்கிட்டகூடச் சொல்லல பாரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அதுதான் ஊரில் நிலைத்தது. ஜன்னலோர மேசை ஒரே வாரத்தில் வேறு யாருக்கோ போயிற்று. போகட்டும், அது அவர் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் பாவம் பார்த்தார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாத அப்பன் என்று என் காதுபடவே பேசினார்கள். கோல்பி என்னிடம் கதையைச் சொல்லிவிட்டுக் காலேஜுக்குத் திரும்பிப் போன வாரத்தில்தான் ஆர்லின் கஃபேயில் வைத்து வெண்டலிடமே சொன்னான், "என்ன இருந்தாலும் பையன் உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." வெண்டல் தட்டிலிருந்த கேக்கைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டே, "சொல்லியிருக்கலாம்தான்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஊருக்கு முன்னாடி உன்கிட்டதான் சொன்னான்னு சொல்ல வேண்டியதுதானே?"

வெண்டல் லாரிக் கதவைத் திறந்து, ஏறி, கண்ணாடியை இறக்கினார். "சொன்னா அடுத்து என்னாகும் தெரியுமா? இவனுக்குத் தெரியும்னு ஆயிடும். மறுபடியும் ஒவ்வொருத்தனா வந்து கேப்பான். அங்க புடிச்சிருக்காமா, கால் எப்படியிருக்கு, திரும்பி வந்துடுவானான்னு. ஒண்ணும் தெரியாதவன்கிட்ட எவனும் வந்து நிக்க மாட்டான். இப்ப அவன் தினம் போன் பண்றான் லோரீன். நானும் எல்லாத்தையும் கேக்கறேன்."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பழக்க தோஷம், ஜன்னல்பக்கம் நெருங்கினேன்.

"அப்படி என்ன சொல்றான்?"

"மழை பெய்யுதாம்," என்றார் வெண்டல், கியரைப் போட்டுக்கொண்டே.